போரில் பங்கில்லாதவர்கள்

ஆட்சியில் இருப்பவன் தன்னை எதிர்த்துரைப்போரை இருவகையாக மறுக்கலாம். அவர் சொல்வது எவ்வாறு பிழையாகும் என்று காட்டுவது ஒரு வகை. அதனைச் சொல்ல அவர் யார் என்று வினவுவது மற்றொரு வகை. முதல் வகைக்கு உழைப்பு வேண்டும். இரண்டாவதற்குப் பதவி ஒன்றே போதும். பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையையே கையாளும் அதிகாரி ஒருவனைக் கிரேக்க நகைச்சுவை நாடகக் கவிஞர் அரிஸ்டோபேனிஸ் கி.மு. 411ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரின் அரங்கிலே கொண்டுவந்து நிறுத்தினார். நாடகத்தில் அவனுக்குப் பெயர் இல்லை; பதவிப்பெயர் மட்டுமே உண்டு. அவனைப் பற்றியும், அவன் எழுப்பிவிட்டு விடை கேட்க நில்லாமற் சென்ற அறவினா ஒன்றைப் பற்றியும் இங்குச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

‘லிசிஸ்ட்ராட்டா’ என்னும் அந்நாடகத்தின் பெயரைக் கேட்டவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது ஒன்றே. போர் நிற்கும் வரையில் கணவரோடு கூடுவதில்லை என்று ஏதென்ஸ் மகளிர் பகைநாட்டு மகளிரோடும் சேர்ந்து சூளுரைத்த கதை அது. அதிலுள்ள நகைச்சுவையின் பெரும்பகுதி இத்தகைய மலரில் எடுத்தெழுதற்கு ஒவ்வாதது, அதனை விட்டுவிடுவோம். அச்சூளுரை நிகழும் அதே வேளையில் நடைபெறும் மற்றொரு செயலே அரசியல் நோக்கில் பெரியது. நகரத்து முதிய பெண்டிர் வழிபாட்டுக்குச் செல்வார்போலச் சென்று அக்ரோபாலிஸ் குன்றைக் கைப்பற்றிக் கதவடைத்துக்கொள்கின்றனர். குன்றின்மேல் இருந்தது நகரத்தின் கருவூலம். வீட்டுக் கதவை அடைத்தால் கணவர் வருந்துவர். கருவூலக் கதவை அடைத்தால் கப்பல்கள் நின்றுபோகும். அதிகாரி ஓடி வருவது இரண்டாவதன் பொருட்டே.

அந்த ஆண்டின் நிலையை அறியாதார்க்கு இக்காட்சியின் வலி விளங்காது. ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே கி.மு. 431இல் மூண்ட போர் அப்போது இருபது ஆண்டை எட்டியிருந்தது. கி.மு. 415இல் ஏதென்ஸ் மக்களவை பெருங்கடற்படை ஒன்றைச் சிசிலித் தீவுக்கு அனுப்பியது. கி.மு. 413இல் அப்படையும் அதற்குத் துணையாகச் சென்ற படையும் அடியோடு அழிந்தன. சிறைப்பட்டுச் சிராக்கூஸ் நகரத்துக் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டோர் மட்டும் 7000 பேருக்குக் குறையார் என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் கணக்கிடுகிறார். செய்தி நகருக்கு எட்டிய பின்னர், மக்களவையின் ஆத்திர முடிவுகளுக்குத் தடையாக, முதியோர் பதின்மரைக் கொண்ட நெருக்கடிக் காலக் குழு ஒன்று அமர்த்தப்பட்டது. அதன் உறுப்பினரைப் ‘புரோபூலோய்’ என்பர். ஆய்ந்து முன்னுரைப்போர் என்பது அச்சொல்லின் பொருள். நம் அதிகாரி அப்பதின்மரில் ஒருவன். கருவூலத்திலும் வற்றாத நிதி இல்லை. போர்த் தொடக்கத்தில் 1000 தாலந்துகளைத் தனியே ஒதுக்கி, பகைவர் கப்பற்படை நகரையே தாக்க வந்தாலன்றி அதனைச் செலவிட முன்மொழிபவனுக்கு மரண தண்டனை என்று விதித்திருந்தனர். கி.மு. 412இல் கீயோஸ் தீவு கைவிட்டுப் போனபோது அவ்விதியையும் நீக்கிவிட்டு அந்நிதியிலும் கைவைத்தனர். ஆகவே அக்குன்றின் கதவை யார் திறப்பது, யார் மூடுவது என்பது அன்று அரங்கில் அமர்ந்திருந்தோர்க்கு வெறும் விளையாட்டன்று.

அதிகாரி வருமுன்னே ஒரு கூத்து நடந்து முடிகிறது. கிழவர் கூட்டம் ஒன்று விறகும் நெருப்பும் சுமந்து, பெண்களைப் புகையிட்டு வெளியேற்ற மலையேறி வருகிறது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஸ்பார்ட்டா மன்னன் கிளியோமினிஸ் இதே குன்றில் முற்றுகையிடப்பட்டபோது தாமே நின்று போராடியதாக அவர்கள் பெருமை பேசுகின்றனர். அவ்வாறாயின் அவர்களுடைய அகவை யாது என்று கவிஞர் கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டா. கிழவியர் குடந்தண்ணீரை அவர்கள் தலையிற் கொட்டி நெருப்பையும் வீரத்தையும் ஒருங்கே அணைத்துவிடுகின்றனர்.

அதன்பின் அதிகாரி, சித்தியக் காவலர் சூழ வருகிறான். துடுப்புகளுக்கு மரம் ஏற்பாடாகிவிட்டது. விலை கொடுக்கப் பணம் வேண்டும். வாயிலோ அடைத்துக் கிடக்கிறது. முதலில் அவன் செய்வது பழைய குறை ஒன்றை நினைவுகூர்தல். டெமோஸ்ட்ராட்டஸ் என்பவன் மக்களவையில் சிசிலிக்குப் படையனுப்ப வேண்டும் என்று முழங்கிய நாளில், வீட்டுக் கூரைகளின்மேல் பெண்கள் அடோனிஸ் தேவனுக்காக ஒப்பாரி வைத்தார்களாம்; அவ்வளவு கட்டுப்பாடற்றவர்களாம் அவர்கள். இளமையில் மாண்ட அழகன் ஒருவனுக்காக ஆண்டுதோறும் மகளிர் அழும் சடங்கு அது. இந்த இடத்தில் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அன்று கீழே ஆடவர் வாக்களித்து அனுப்பிய இளைஞர்கள் திரும்பி வரவில்லை. மேலே பெண்டிர் இளைஞன் ஒருவனின் சாவுக்கு அழுதுகொண்டிருந்தனர். அந்நாளின் இருவகை ஒலிகளுள் எது உண்மைக்கு அணித்தாக இருந்தது என்பதை அரங்கிலுள்ளோர் அனைவரும் அறிவர். அறியாதவன் அதைச் சொல்லிக்காட்டிய அதிகாரி ஒருவனே. தன் கட்சிக்கு எதிரான சான்றைத் தானே முன்வைக்கிறோம் என்ற உணர்வுகூட அவனுக்கு இல்லை.

அடுத்து அவன் கணவன்மார்களைக் குறை கூறுகிறான். பொற்கொல்லனையும் செருப்புத் தைப்பவனையும் வீட்டுக்குள் விடும் கணவர்களின் கவனக்குறைவே இதற்கெல்லாம் காரணம் என்பது அவன் துணிபு. பெண்கள் தாமே எண்ணி, தாமே முடிவு செய்து ஒன்று செய்திருக்கக்கூடும் என்ற நினைவே அவனுக்கு எழவில்லை. காவல் தவறிய உடைமையாகவே அவர்களைக் காண்கிறான். கடப்பாரை கொண்டு கதவை நெம்புமாறு ஆணையிடுகிறான். லிசிஸ்ட்ராட்டா தானாகவே வெளியே வந்து, இங்குத் தேவை கடப்பாரையன்று, அறிவு என்கிறாள். அவளைப் பிடிக்க ஏவப்பட்ட காவலர், கடைத்தெருவில் கீரையும் ரொட்டியும் விற்கும் பெண்களிடம் அடிபட்டு ஓடுகின்றனர். இக்காவலர் நகரம் விலைக்கு வாங்கிய அடிமைகள் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்களுக்காகப் பேச அந்நாடகத்தில் ஒருவரும் இலர்.

படை தோற்றபின்னரே பேச்சுத் தொடங்குகிறது. எதற்காகக் கதவடைத்தீர்கள் என்பது அவன் வினா. பணம் காப்பாக இருக்கவும், பணத்தின் பொருட்டுப் போர் நடவாதிருக்கவும் என்பது அவள் விடை. இனி நிதியைத் தாமே மேற்கொள்ளப் போவதாகவும் கூறுகிறாள். அவன் திகைக்கிறான். வீட்டு வரவுசெலவை முழுதும் தாங்கள்தானே நடத்துகிறோம், இதில் வியப்பென்ன என்று அவள் கேட்கிறாள். இரண்டும் ஒன்றல்ல என்கிறான். ஏன் ஒன்றல்ல என்றால், இப்பணம் போருக்கு உரியது என்கிறான். போரே தேவையில்லை என்கிறாள் அவள். அவ்வளவுதான், அவனிடம் வேறு காரணம் இல்லை. ஏதென்சின் சட்டப்படி ஒரு பெண் தன் பொறுப்பில் செய்துகொள்ளத்தக்க உடன்படிக்கையின் அளவு ஒரு மெதிம்னோஸ் வாற்கோதுமையின் மதிப்பே. நம் கணக்கில் ஏறக்குறைய ஐம்பது லிட்டர் தானியம். அதற்கு மேற்பட்டதற்குத் தந்தையோ கணவனோ உடன்பிறந்தானோ காவலனாக நின்று கையேற்றாக வேண்டும். அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒருவனுக்குக் கருவூலத்தைப் பெண்கள் ஆள்வது என்பது தவறாகக்கூடத் தோன்றியிராது. பொருளற்ற சொற்றொடராகவே தோன்றியிருக்கும்.

அவனுக்கு நியாயம் செய்யவும் நாம் கடமைப்பட்டுள்ளோம். அவன் கொடியவன் அல்லன். நகரத்தைக் காக்கும் பொறுப்பு முறைப்படி அவன்மேல் வைக்கப்பட்டது. வலிந்து கதவடைத்தோரிடம் பொதுநிதியை விட்டுக்கொடுக்க எந்தப் பொறுப்புள்ள அதிகாரிக்கும் உரிமை இல்லை. இந்த வாதம் வலிமையானது. அவன் எடுத்தாள வேண்டியதும் இதுவே. ஒரே ஒரு முறை அதன் அருகே வருகிறான். அவன் விரும்பாவிடினும் அவனைக் காப்பாற்றப்போவதாக லிசிஸ்ட்ராட்டா கூறும்போது, இது அநீதி என்று டெமீட்டர் தேவிமேல் ஆணையிட்டுச் சொல்கிறான். கேளாதவனையும் காப்பாற்றுவதா என்று வினவுகிறான். நல்ல வினா. தன்னைக் கேளாமல் தன் நன்மையைப் பிறர் முடிவு செய்வது அநீதியே. ஆயின் இருபது ஆண்டுகளாக ஏதென்சின் பெண்கள் வாழ்ந்துவந்த வாழ்வு அதுவன்றி வேறென்ன? அந்த அநீதியை அவன் தன்மேல் ஒரு நொடிப்பொழுது பட்டவுடன் உணர்கிறான். அவ்வுணர்வைப் பற்றிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்திருப்பானாயின் அவள் பக்கத்தில் நின்றிருப்பான். அவனோ அதை விடுத்து, போரும் அமைதியும் பெண்களாகிய உங்கள் கவலையானது எப்படி என்ற பழைய இடத்துக்கே திரும்புகிறான்.

அவள் விடையாகத் தரும் வீட்டுக்காட்சி நம் கருத்தை விட்டு நீங்காதது. மன்றத்தில் ஆடவர் தவறாக முடிவு செய்ததைப் பெண்கள் வீட்டிலிருந்தே கேட்டறிவார்களாம். உள்ளே வருந்தினும் முகத்தில் சிரிப்பைக் காட்டி, அமைதி உடன்படிக்கை பற்றி இன்று என்ன தீர்மானம் ஆயிற்று என்று மெல்லக் கேட்பார்களாம். உனக்கென்ன அதைப்பற்றி, வாயை மூடு என்பதே மறுமொழி. இன்னும் கேட்டால் அடி விழும். நூலை நூற்றுக்கொண்டிரு, போர் ஆடவர் கவலை என்று முடிப்பான். இறுதியில் அக்கணவன் சொன்னவை அவனுடைய சொற்களல்ல. இலியத்தின் ஆறாம் காண்டத்தில் எக்டர் தன் மனைவி ஆண்ட்ரமக்கியிடம் விடைபெறும்போது கூறியவை. அங்கே அவை அன்பில் தோய்ந்தவை. ஏதென்சு வீட்டில் அவை அதட்டலாயின. காவியத்தைக் கற்றோர் இன்னொன்றையும் அறிவர். ஆண்ட்ரமக்கி கணவன் சொற்படியே தறியில் நெய்துகொண்டிருந்தாள். மதிலிலிருந்து எழுந்த ஓலத்தைக் கேட்டே எக்டர் மாண்டதை உணர்ந்தாள். பெரிக்ளீஸ் போரின் முதலாண்டு முடிவில் மாண்டோர்க்கு ஆற்றியதாகத் தூசிடிடீஸ் தரும் இரங்கலுரையிலும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் ஆடவர் நாவில் மிகக் குறைவாக அடிபடுவதே மகளிர்க்குப் பெருமை என்ற கருத்து வருகிறது. கேட்டுக்கொண்டிருந்தோருள் மகனை இழந்த தாயரும் இருந்தனர்.

இப்போது உங்கள் முறை, நீங்கள் வாய்மூடிக் கேளுங்கள் என்கிறாள் லிசிஸ்ட்ராட்டா. தலையில் முக்காடிட்ட ஒருத்திக்காக நான் வாய்மூடுவதா என்று அதிகாரி கொதிக்கிறான். தடை அதுவாயின் இதோ என்று தன் முக்காட்டைக் கழற்றி அவன் தலையில் இடுகிறாள். மற்றவள் கம்பளிக் கூடையைக் கையில் திணிக்கிறாள். இனிப் போர் பெண்கள் கவலை என்று எக்டரின் சொல்லும் தலைகீழாகிறது. அரங்கம் சிரித்திருக்கும். ஆனால் எதைக் கண்டு சிரித்தது? பேசும் உரிமை ஒரு முழத் துணியில் தொங்குவதைக் கண்டா, அல்லது ஆடவன் ஒருவன் பெண்கோலம் பூண்டதைக் கண்டா? இரண்டையும் கண்டே சிரித்திருக்கும் என்பது நம் கருத்து. பெண்ணாய் இருப்பது இழிவு என்று கருதாத அவையில் இந்தத் தண்டனை தண்டனையாகவே இராது.

முக்காட்டுடன் அமர்ந்த அதிகாரிக்கு அவள் ஆட்சிக்கலை கற்பிக்கிறாள். நூல் சிக்கினால் இருபுறமும் கதிரிட்டுப் பிரிப்பது போல, தூதரை அங்கும் இங்கும் அனுப்பிப் போரின் சிக்கை எடுக்கலாம். வெட்டிய ஆட்டு மயிரை முதலில் கழுவிப் புழுக்கையையும் அழுக்கையும் போக்குவது போல, நகரத்திலிருந்து தீயோரை நீக்கலாம். பதவிக்காகத் திரண்டு முடிச்சிட்டுக் கிடப்போரைச் சிக்கு வாருவது போல வாரி எடுக்கலாம். பின்னர், குடியேறிய அயலார், நட்பு நாட்டார், அரசுக்குக் கடன்பட்டு உரிமை இழந்தோர், தொலைவில் சிதறிக் கிடக்கும் குடியேற்ற நகரத்தார் ஆகிய எல்லாப் பஞ்சுத் துணுக்கையும் ஒரே கூடையில் இட்டு, ஒன்றாகத் திரித்து, மக்களுக்கு ஒரு போர்வை நெய்யலாம். இது வெறும் உவமை விளையாட்டாகத் தோன்றும். ஆயின் குடியுரிமையைத் தாய்வழி தந்தைவழி இரண்டும் பார்த்துச் சுருக்கிவைத்திருந்த நகரத்தில், அயலாரையும் உரிமை இழந்தோரையும் சேர்த்து நெய்ய வேண்டும் என்பது துணிந்த அரசியல் திட்டம். அந்நாட்களில் வேறெவர் வாயிலும் எளிதிற் கேட்கக் கிடைக்காதது. அதிகாரி இத்திட்டத்தின் எந்த உறுப்பையும் மறுக்கவில்லை. அயலாரைச் சேர்த்தால் என்ன கேடு என்று கேட்கவில்லை. கம்பளியையும் நூலுருண்டையையும் கொண்டு நாடாள நினைக்கிறார்களே, போரில் ஒரு பங்கும் இல்லாத இவர்கள் என்று மட்டும் சொல்கிறான்.

பங்கு என்ற அச்சொல்லே வழக்கின் கரு. அவள் கொதித்தெழுகிறாள். பங்கில்லையா? இருமடங்குக்கு மேல் சுமக்கிறோம். முதலாவது, பிள்ளைகளைப் பெற்றுப் படைக்கு அனுப்புகிறோம் என்று தொடங்குகிறாள். தொடர் முடியவில்லை. அதிகாரி இடைமறிக்கிறான்: பேசாதே, பட்ட தீங்கை நினைவூட்டாதே.

நாடகம் முழுவதிலும் அவன் பலமுறை வாயை அடக்க முயல்கிறான். இம்முறை அடக்குவது வேறுவகை. முன்னர் இறுமாப்பினால் அடக்கினான். இப்போது தாங்கமாட்டாமையால் அடக்குகிறான். சிசிலிக்குப்பின் இரண்டே ஆண்டுகள். அரங்கில் அமர்ந்தோருள் மகனையோ தம்பியையோ இழக்காதவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? நகைச்சுவைக் கவிஞர் அந்த ஒரு நொடிக்குச் சிரிப்பை நிறுத்திவிடுகிறார். அதிகாரி மறுக்கும் பங்கு எது என்பதும் இங்கே வெளிப்படுகிறது. பெண்களுக்குப் பங்கில்லை என்று அவன் உண்மையில் நம்பியிருந்தால் அவள் பேச்சு அவனை உறுத்தியிராது. பங்கு உண்டு என்று அறிவான். அதனாலேயே அதைச் சொல்லவிடான். அவன் ஆண்ட வினைச்சொல், தீங்கை நினைந்து பாராட்டுதல் என்னும் பொருளது. கி.மு. 403இல், உள்நாட்டுப் போருக்குப்பின் ஏதென்ஸ் மக்கள் பழம்பகையை மறப்பதாக ஆணையிட்டபோது அதே சொல்லைக் கையாண்டனர். அங்கே இருதரப்பும் கூடி மறக்க உடன்பட்டன. இங்கே இழப்புக்குக் காரணமான தரப்பு, இழந்தவளை மறக்கச் சொல்கிறது. ஒரே சொல்தான், யார் யாரிடம் சொல்வது என்பதில் அறம் மாறிவிடுகிறது.

லிசிஸ்ட்ராட்டா அதன்பின் தன்னைப் பற்றிய பேச்சை விட்டு, மணமாகாமல் வீட்டிலே மூப்படையும் கன்னியர்க்காக வருந்துவதாகக் கூறுகிறாள். ஆடவரும்தான் மூப்படைகிறார்கள் என்கிறான் அதிகாரி. நரைத்து வந்த வீரனும் இளம்பெண்ணை மணந்துகொள்வான். பெண்ணின் பருவமோ சிறிது என்பது அவள் விடை. போரில் இறந்தோர்க்குக் கல்லில் பெயர் வெட்டப்பட்டது. அவர்களை மணந்திருக்க வேண்டிய பெண்களைக் கணக்கிட்டார் இலர். கிழவியர் கூட்டமும் பின்னர் இதே வழக்கைப் பணக்கணக்காகச் சொல்லும்: பொதுநிதிக்கு எங்கள் பங்கை ஆண்மக்களாகச் செலுத்துகிறோம், கிழவர்களோ பாரசீகப் போரில் முன்னோர் ஈட்டியதைச் செலவிட்டுத் தீர்த்தவர்கள்.

இதனால் அரிஸ்டோபேனிசைப் பெண்விடுதலைக் கவிஞர் என்று போற்றுவோர் உளர். நாம் அவ்வளவு தொலைவு செல்லமாட்டோம். லிசிஸ்ட்ராட்டாவாக நடித்தவன் ஓர் ஆடவன். பெண்கள் ஆள்வது நடக்கவொண்ணாதது என்பதே அந்நகைச்சுவையின் அடிப்படை. முடிவில் உடன்பாடு என்னும் பெயருடைய ஊமைப் பெண்ணொருத்தியை முன்நிறுத்தி, அவள் உடலைக் காட்டியே ஆடவர் நிலங்களைப் பங்கிடுகின்றனர். மனைவியர் வீடு திரும்புகின்றனர். கருவூலச் சாவியின் பேச்சு மறைந்துபோகிறது. கி.மு. 391ஐ ஒட்டி அவர் எழுதிய மற்றொரு நாடகத்தில் பெண்கள் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு மக்களவையில் வாக்களித்து ஆட்சியையே பெறுகின்றனர்; அங்கும் வேடிக்கையே மிகுதி. எனினும் ஒன்றை நினைத்தல் நன்று. அக்ரோபாலிசில் அதீனா தேவியின் பூசாரிணியாக 64 ஆண்டுகள் இருந்த லிசிமக்கி என்னும் மாது அக்காலத்தவளே. போரைக் கலைப்பவள் என்பது அவள் பெயரின் பொருள். படையைக் கலைப்பவள் என்பது லிசிஸ்ட்ராட்டாவின் பொருள். கவிஞர் அவளை மனத்திற்கொண்டே படைத்தார் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பெண்ணின் சொல்லுக்குக் கோயிலில் மதிப்புத் தந்த நகரம் மன்றத்தில் தர மறுத்தது.

அதிகாரியின் கதை முடிவதும் கோலத்தினாலேதான். அவன் மீண்டும் வாய்திறக்க, செத்துப் போவதற்கு என்ன தடை என்று கேட்டு, பிணத்துக்குரிய மாலையும் நாடாவும் அணிவித்து அவனை அனுப்பிவைக்கின்றனர் பெண்கள். இவ்விழிவை இதே கோலத்தில் சென்று மற்றைய பதின்மர் குழுவினர்க்குக் காட்டுவேன் என்று சொல்லி வெளியேறுகிறான்.

அக்குழுவினர் அவனைக் கண்டு என்ன செய்தனர் என்பது நாடகத்தில் இல்லை. உண்மையான பதின்மர் செய்ததோ வரலாற்றில் உள்ளது. நாடகம் அரங்கேறிய சில திங்களில், அதே ஆண்டில், அவர்களும் சேர்ந்திருந்த குழுவின் முன்மொழிவினால் ஏதென்சின் மக்களாட்சி நீக்கப்பட்டு நானூற்றுவர் ஆட்சி ஏற்பட்டது; நான்கு திங்கள் நிலைத்தது. பதின்மருள் ஒருவர் பெயர் சோபோகிளீஸ். முதிய துன்பியற் கவிஞரே அவர் என்று பலர் கொள்வர். இச்செயலுக்கு நீரும் உடன்பட்டீரா என்று பின்னொருகால் அவரைக் கேட்டார்களாம். ஆம் என்றார். அது தீயதென்று தோன்றவில்லையா என்றதற்கும் ஆம், தோன்றியது என்றார். பின் ஏன் செய்தீர் என்றதற்கு, அதனினும் நல்ல வழி வேறொன்றும் இல்லை என்று அவர் விடையளித்ததாக அரிஸ்டாட்டில் தம் அணியிலக்கண நூலில் குறித்துள்ளார்.